பக்கத்துத் தெருவுக்கு விண்வெளி வழியாக: கென்யா தன் தரவை ஊருக்குள் கொண்டுவந்த விதம்

2000ஆம் ஆண்டில் நைரோபியில் ஓர் அலுவலகத்திலிருந்து பக்கத்துத் தெரு அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுப்புபவர் ஒரு நிறுவனத்திடம் இணைய இணைப்பு வாங்கியிருக்கிறார், பெறுபவர் வேறொரு நிறுவனத்திடம். அந்த இரண்டு நிறுவனங்களும் நைரோபிக்குள் எங்கேயும் சந்தித்துக்கொள்வதில்லை. அதனால் செய்தி 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்கு ஏறும். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இறங்கும். அங்கே கைமாறி, மறுபடி செயற்கைக்கோளுக்கு ஏறி, மறுபடி நைரோபியில் இறங்கும். போவதற்கு நான்கு முறை 36,000, பதில் வருவதற்கு இன்னொரு நான்கு முறை. கூட்டினால் 2,88,000 கிலோமீட்டர். நிலவுக்கு உள்ள தூரத்தில் முக்கால் பங்கு! ஒளியின் வேகத்தில் போனாலே ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். நடைமுறையில் 1,200 முதல் 2,000 மில்லிவிநாடி வரை ஆனது.

இந்தப் பயணத்துக்கு உண்டான கட்டணத்தை, போவதற்கும் வருவதற்கும் சேர்த்து, கென்யர்களே டாலரில் கட்டினார்கள். பக்கத்துத் தெருவுக்குப் போக விமானச் சீட்டு வாங்குவது மாதிரியான செலவு அது.

வளரும் நாட்டில் தரவு மையம் என்றதும் நம் மனதில் வருவது ஒரு பெரிய கட்டடம், குளிரூட்டிகள், அமைச்சர் வந்து திறந்து வைக்கும் விழா. கென்யாவின் அனுபவத்தை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அங்கே கட்டடம் மிகவும் பிந்தி வந்தது என்பதுதான். முதலில் வந்தது இணைய நிறுவனங்களின் கம்பிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஒரு சுவிட்ச். பிறகு கடலடிக் கம்பி. அதற்குப் பிறகு வெளிநாட்டு நிறுவனங்களின் கேஷ் கருவிகள், அதாவது கோப்புகளின் நகலை ஊரிலேயே வைக்கும் சர்வர்கள். யாருக்கும் சார்பில்லாத ஒரு தரவு மையம் 2013இல்தான் வந்தது. இந்த வரிசைதான் கென்யாவைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன். வரிசையை மாற்றிக் கட்டடத்தில் தொடங்கியிருந்தால், அது ஆளில்லாத கூடமாக நின்றிருக்கும்.

இரண்டு வாரத்தில் அணைக்கப்பட்ட சுவிட்ச்

1999இல் கென்யாவின் பழைய அஞ்சல், தொலைத்தொடர்புக் கழகம் பிரிக்கப்பட்டது. தொலைபேசிச் சேவை டெல்காம் கென்யா என்ற நிறுவனத்துக்குப் போனது. ஒழுங்குபடுத்தும் வேலை சிசிகே என்ற ஆணையத்துக்கு. நாட்டுக்கு வெளியே போகும் போக்குவரத்தைச் சுமக்கும் உரிமை டெல்காமுக்கு மட்டுமே இருந்தது. தனியார் இணைய நிறுவனங்கள் எல்லாம் அதன் ஜாம்போநெட் என்ற முதுகெலும்பு வழியாகத்தான் உலகத்தைத் தொட வேண்டும். அதே 1999இல் அந்த நிறுவனங்கள் டெஸ்போக் என்ற சங்கத்தைத் தொடங்கின.

சங்கத்தின் யோசனை எளிமையானது. ஒரு பொது அறையில் ஒரு சுவிட்சை வைப்போம், ஒவ்வொருவரும் தங்கள் கம்பியைக் கொண்டுவந்து அதில் செருகுவோம், உள்ளூர் போக்குவரத்தை அங்கேயே மாற்றிக்கொள்வோம். நம் ஊர்ப் பேருந்து நிலையம் மாதிரிதான். எந்தப் பேருந்து முதலாளிக்கும் நிலையம் சொந்தமில்லை. எல்லாப் பேருந்தும் உள்ளே வரும். பயணி ஒன்றிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறிக்கொள்வார். இணையத்தில் இதற்குப் பெயர் பரிமாற்றப் புள்ளி. 2000 நவம்பரில் நைரோபியில் கேஐஎக்ஸ்பி என்ற பெயரில் அது இயங்கத் தொடங்கியது.

டெல்காம் கென்யா உடனே ஆணையத்திடம் புகார் கொடுத்தது: வெளிநாட்டுப் போக்குவரத்தில் தனக்கு உள்ள தனியுரிமையை இது மீறுகிறது என்பது வாதம். இரண்டே வாரத்தில் ஆணையம் முடிவெடுத்தது. பரிமாற்றப் புள்ளிக்கு உரிமம் வேண்டும், உரிமம் இல்லாததால் மூடு. சுவிட்ச் அணைக்கப்பட்டது.

இந்தப் புகாரை நிதானமாக யோசித்துப் பாருங்கள். நைரோபியிலிருந்து நைரோபிக்குப் போகும் செய்தியை வெளிநாட்டுப் போக்குவரத்து என்று எப்படிச் சொல்ல முடிந்தது? அதுவரை அது உண்மையிலேயே வெளிநாடு போய் வந்துகொண்டிருந்ததால்தான்! அந்தச் சுற்றுப்பாதை ஒருவருக்கு வருமானமாக இருந்தது. வளரும் நாடுகளில் தரவு ஏன் ஊருக்குள் தங்குவதில்லை என்று கேட்டால், தொழில்நுட்பம் போதாது, பணம் இல்லை என்று பதில் வரும். அந்தச் சுவிட்சின் விலை அந்த நிறுவனங்களால் தாங்க முடியாததாக இருக்கவில்லை. குறுக்கே நின்றது யாருடைய வருமானம் என்ற கேள்விதான்.

டெஸ்போக் மேல்முறையீடு செய்தது. இது மூடிய குழுவுக்குள் நடக்கும் பரிமாற்றம், சட்டம் இதை அனுமதிக்கிறது என்று வாதிட்டது. பத்திரிகைகளில் எழுதினார்கள், வழக்குப் போடுவோம் என்றார்கள், அதிகாரிகளைத் தனித்தனியாகப் பார்த்துப் பேசினார்கள். பரிமாற்றப் புள்ளி என்றால் என்ன என்பதை ஆணையத்துக்கு ஆதியிலிருந்து விளக்கினார்கள். டெஸ்போக்கின் பிரையன் லாங்வே போன்றவர்கள் அந்த மாதங்களில் பட்ட பாடு பொறியாளர் வேலையில் சேராது, அது அரசியல் வேலை. 2001 நவம்பரில் உரிமம் வந்தது. 2002 பிப்ரவரி நடுவில் ஐந்து நிறுவனங்களை இணைத்தபடி சுவிட்ச் மறுபடி உயிர்பெற்றது. ஒரு விநாடிக்கு மேல் ஆன பயணம் 60 முதல் 80 மில்லிவிநாடியில் முடிந்தது. புகார் கொடுத்த டெல்காமும் பின்னாளில் அங்கேயே உறுப்பினராக வந்து சேர்ந்தது.

இந்தியாவில் பரிமாற்றப் புள்ளிகளை நடத்தும் நிக்சி 2003இல்தான் அமைக்கப்பட்டது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். கென்யா நமக்கு முந்திக்கொண்டது.

வீணாய்ப் போன மாதங்கள் என்று அந்தப் போராட்டக் காலத்தைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. போட்டியாளர்கள் ஒரே மேசையில் உட்காரப் பழகியது அப்போதுதான். ஒருவர் வாடிக்கையாளரை மற்றவர் பறிக்கப் பார்க்கும் தொழிலில், பொதுவான ஒரு பெட்டியை நம்பி அதில் கம்பியைச் செருகுவது சின்ன விஷயம் இல்லை. லாப நோக்கமில்லாத சங்கமே அந்தப் பெட்டியை நடத்தியதால் நம்பிக்கை நின்றது. கென்யாவின் .ke முகவரிகளை நிர்வகிக்கும் கெனிக் அமைப்பு, உலகின் மூலப் பெயர் வழங்கிகளின் நகல்கள், அப்புறம் சுங்கத் தாக்கல்களை இணையத்தில் வாங்கும் வருவாய்த் துறை என்று ஒவ்வொன்றாக அந்தப் பெட்டியைச் சுற்றி வந்து சேர்ந்தன. பெயர் வழங்கி என்பது தளத்தின் பெயரைக் கேட்டால் அதன் எண் முகவரியைச் சொல்லும் சர்வர். அதன் நகல் உள்ளூரில் இல்லையென்றால், தளம் உள்ளூரில் இருந்தும் பயனில்லை. தளத்தின் முகவரியைக் கேட்கவே வெளிநாடு போக வேண்டியிருக்கும்.

கம்பி வந்ததும் தலைகீழான கணக்கு

2009 வரை கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்குக் கடலடிக் கேபிள் இல்லை. செயற்கைக்கோள் மட்டும்தான். ஒரு மெகாபிட்டுக்கு மாதம் ஆயிரக்கணக்கான டாலர். பல நாடுகள் சேர்ந்து ஈஸி என்ற கேபிளைப் போடுவதாகப் பேசிக்கொண்டிருந்தன, பேச்சு இழுத்துக்கொண்டே போனது. தகவல்தொடர்பு அமைச்சகத்தின் நிரந்தரச் செயலாளராக இருந்த பிடாங்கே இண்டேமோவின் முயற்சியில், கென்யா தனியாகவே டீம்ஸ் என்ற கேபிளைத் தொடங்கியது. அரசும் உள்ளூர் நிறுவனங்களும் பங்கு போட்டு, ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவிலிருந்து மொம்பாசாவுக்கு இழுத்தார்கள். 2009இல் அதுவும் தனியார் சீகாம் கேபிளும் வந்தன. அடுத்த ஆண்டு ஈஸியும் வந்தது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கம்பி வந்தால் உள்ளூர் ஹோஸ்டிங், அதாவது தளங்களை உள்ளூர்ச் சர்வரில் வைப்பது, தானாக வளரும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் கம்பி இரண்டு பக்கமும் இழுக்கும். வெளிநாட்டுச் சர்வர் இப்போது பக்கத்தில் வந்துவிட்டது, விலையும் மலிந்துவிட்டது. நைரோபியில் ஒரு செய்தித் தளம் நடத்துபவர் அமெரிக்காவில் இடம் வாங்கினாலும் வாசகர் முகம் சுளிக்க மாட்டார். அதனால் தளங்கள் வெளியே போவதுதான் சுலபமாகிறது.

கென்யாவை அந்தப் பக்கம் முழுதாகச் சாய விடாமல் பிடித்துக்கொண்டது அந்தப் பழைய சுவிட்ச்தான். கம்பி வந்து பயனர்கள் பெருகியதும், யூடியூபுக்கு இவ்வளவு கூட்டம் இருக்கிறதே என்று வெளிநாட்டு நிறுவனங்கள் பார்த்தன. 2011இல் கூகுள் தன் கேஷ் கருவியைக் கென்யாவுக்குள் வைத்தது. கேஷ் என்பது வேறொன்றுமில்லை, மக்கள் அடிக்கடி கேட்கும் கோப்புகளின் நகலை ஊரிலேயே வைத்திருக்கும் சர்வர். ஒரு பாட்டை ஒருவர் கேட்டதும் அது கடல் தாண்டி ஒருமுறை வரும். அடுத்த ஆயிரம் பேருக்கு அது ஊருக்குள்ளிருந்தே போகும். அந்தக் கருவியைக் கொண்டுவந்து வைக்க எல்லா நிறுவனங்களும் கூடும் ஓர் இடம் வேண்டும். அது ஏற்கெனவே இருந்தது.

2012இல் இன்டர்நெட் சொசைட்டி என்ற உலகளாவிய இணையச் சங்கத்துக்காக அனலிசிஸ் மேசன் நிறுவனம் செய்த ஆய்வு இதை எண்ணில் காட்டியது. கேஐஎக்ஸ்பி வழியாக உச்ச நேரத்தில் விநாடிக்கு ஒரு கிகாபிட்டுக்கு மேல் போனது. வெளிநாடு போய் வந்தால் 200 முதல் 600 மில்லிவிநாடி ஆகும் தாமதம், அதன் வழியாகப் போனால் 2 முதல் 10 மில்லிவிநாடியாகக் குறைந்தது. வெளிநாட்டு இணைப்பில் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டாலர் மிச்சம். 2020இல் வந்த அடுத்த ஆய்வில் உச்சப் போக்குவரத்து 19 கிகாபிட், மிச்சம் ஆண்டுக்கு 60 லட்சம் டாலர். கென்யர்கள் பயன்படுத்தும் போக்குவரத்தில் நாட்டுக்குள்ளிருந்தே கிடைப்பது 30 விழுக்காட்டிலிருந்து 70 விழுக்காடாக உயர்ந்திருந்தது.

இந்த 70ஐ நான் பிறகு பிரித்துப் பார்க்கப் போகிறேன். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

111 டாலரும் 13,500 டாலரும்

கென்யாவை விட்டு ஒரு நிமிடம் ருவாண்டாவுக்குப் போக வேண்டும், இந்த விஷயத்தின் மையக் கணக்கு அங்கேதான் போடப்பட்டது. 2015இல் மைக்கேல் கெண்டேயும் கேரன் ரோஸும் இணையச் சங்கத்துக்காக எழுதிய ஆய்வு. ருவாண்டாவில் ஓர் உள்ளூர்த் தளம் வெளிநாட்டில் வைக்கப்பட்டிருந்தது. அப்படி வைப்பதால் தளத்தின் சொந்தக்காரருக்கு ஆண்டுக்கு 111 டாலர் மிச்சம். அந்த ஒரு தளத்தின் பக்கங்களைக் கடல் தாண்டி ருவாண்டாவுக்கு இழுத்துக்கொண்டு வர உள்ளூர் இணைய நிறுவனங்கள் ஆண்டுக்குக் கட்டியது 13,500 டாலர்.

நூற்றிருபது மடங்கு! தளக்காரர் தப்பு செய்யவில்லை. அவர் பார்த்தது தன் பில்லை. இணைய நிறுவனமும் தப்பு செய்யவில்லை, வாடிக்கையாளர் கேட்ட பக்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தது. முடிவெடுப்பவர் ஒருவர், செலவைச் சுமப்பவர் இன்னொருவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை.

என் முதல் வலைத்தளத்தை நானும் அப்படித்தான் அமெரிக்காவில் வைத்தேன். வாசகர்கள் எல்லாரும் தமிழ்நாட்டில் இருந்தார்கள். மலிவு, கிரெடிட் கார்டு வைத்து ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது, அவ்வளவுதான் யோசித்தேன். இந்த ருவாண்டாக் கணக்கைப் படித்த அன்றைக்கு என் தளத்தை யார் காசில் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தது. அதனால் சின்னத் தளக்காரர்களைக் குற்றவாளிகளாகப் பேசும் கட்டுரைகளை என்னால் ஏற்க முடியவில்லை.

உள்ளூர் ஹோஸ்டிங் ஏன் விலை கூடுகிறது என்பதும் எளிதில் புரியும். அமெரிக்கக் கூடத்தில் லட்சக்கணக்கான தளங்கள் ஒரே மின்சார பில்லையும் ஒரே காவலாளியையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. நைரோபியில் ஆரம்பத்தில் பங்கு போட ஆள் இல்லை. ஆள் வந்தால்தான் விலை குறையும், விலை குறைந்தால்தான் ஆள் வரும். இந்த முடிச்சை முதலில் அவிழ்க்க வேண்டியவர் சின்ன வாடிக்கையாளர் இல்லை. வங்கி, அரசு, தொலைபேசி நிறுவனம், கூகுள் மாதிரி பெரிய வாடகைதாரர் ஒருவர் முதலில் வந்து உட்கார வேண்டும்.

பொதுக் கூடம்

2013இல் நைரோபியின் மொம்பாசா சாலையில், சமீர் வணிகப் பூங்காவில் ஈஸ்ட் ஆப்பிரிக்கா டேட்டா சென்டர் திறக்கப்பட்டது. அதற்கு முன்பும் நாட்டில் சர்வர் அறைகள் இருந்தன. ஒவ்வொரு தொலைபேசி நிறுவனமும் தனக்கென ஓர் அறை வைத்திருந்தது, வெளியாருக்கும் இடம் கொடுத்தது. ஆனால் அந்த அறையில் சர்வர் வைத்தால் அந்த நிறுவனத்தின் ஃபைபரைத்தான் வாங்க வேண்டியிருக்கும். போட்டி நிறுவனத்தின் கம்பியை உள்ளே விட யாருக்கு மனம் வரும்?

பேருந்து நிலையத்தை ஒரு பேருந்து முதலாளியே கட்டினால் என்ன ஆகும் என்பதுதான் இது. புதிய கூடத்தின் முக்கியத்துவம் அதன் அளவில் இல்லை. எந்த நிறுவனத்தின் ஃபைபரும் உள்ளே வரலாம் என்ற விதி அங்கே இருந்தது. லிக்விட் டெலிகாம் என்ற தொலைத்தொடர்புக் குழுமத்தின் கையில் இருந்தபோதும் அந்த விதி மாறவில்லை. இன்று அது ஆப்பிரிக்கா டேட்டா சென்டர்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. கேஐஎக்ஸ்பி தன் சுவிட்சை அந்தக் கூடத்திலும் வைத்தது. அதன்பின் ஒரு வங்கி அங்கே ஒரு ராக், அதாவது சர்வர்களை அடுக்கும் அலமாரி, வாடகைக்கு எடுத்தால், கூடத்துக்குள்ளேயே ஒரு சிறிய கேபிளை இழுத்து எந்த இணைய நிறுவனத்தோடும் சேர்ந்துகொள்ளலாம். ஒரு நிறுவனம் விலையை ஏற்றினால் கேபிளைக் கழற்றி அடுத்ததில் செருகலாம். அந்தக் கழற்றும் வசதிதான் விலையைக் கீழே வைத்திருக்கிறது.

பிறகு ஐகோலோ என்ற நிறுவனம் மொம்பாசாவிலும் நைரோபியிலும் அதே விதியோடு கூடங்கள் கட்டியது. இப்போது அது டிஜிட்டல் ரியால்டி என்ற உலகளாவிய நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கேபிள்கள் கரையேறும் ஊர் மொம்பாசா என்பதால் அங்கே கட்டியது சரியான தேர்வு. மொம்பாசாவில் சேவையை வைத்தால் உகாண்டா, ருவாண்டா வரைக்கும் கிட்டத்தில் இருக்கிறது.

ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், இந்தக் கதைகளில் அவர்களைத்தான் மறந்துவிடுகிறோம். ஆஃப்நாக் என்ற ஆப்பிரிக்க வலையமைப்புப் பொறியாளர்கள் குழு 2000 முதல் நாடு நாடாகப் போய்ப் பயிற்சி முகாம்கள் நடத்தியது. ரூட்டரை எப்படி அமைப்பது, பெயர் வழங்கியை எப்படி ஓட்டுவது என்று கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கேஐஎக்ஸ்பியில் வேலை கற்ற மிச்சுக்கி முவாங்கி பிறகு இணையச் சங்கத்தில் சேர்ந்து, மற்ற ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பரிமாற்றப் புள்ளிகள் அமைக்க உதவினார். 2005இல் ஐபி முகவரிகளை வழங்கும் அஃப்ரினிக் அமைப்பும் முறைப்படி அங்கீகாரம் பெற்றது. அதுவரை ஆப்பிரிக்கா தன் முகவரிகளை ஐரோப்பாவிடமும் அமெரிக்காவிடமும் கேட்டு வாங்கியது.

வீடு திரும்பிய எம்-பெசா

கென்யாவின் பெயரை உலகம் அறிந்தது எம்-பெசாவால். 2007 மார்ச்சில் சஃபாரிகாம் தொடங்கிய கைபேசிப் பணச் சேவை. காய்கறி வாங்குவது, பள்ளிக் கட்டணம் கட்டுவது, ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்புவது எல்லாம் அதில்தான். சரி, அந்தச் சர்வர்கள் எங்கே இருந்தன? வெளிநாட்டில், கடைசியாக ஜெர்மனியில். 2015 வரை.

எட்டு ஆண்டுகள், நைரோபிச் சந்தையில் ஒருவர் தக்காளிக்குக் கொடுத்த காசு வெளிநாட்டுக்குப் போய்க் கணக்கில் ஏறித் திரும்பியது. கம்பி நன்றாக இருந்தால் யாருக்கும் தெரியாது. 2012 பிப்ரவரியில் அது நன்றாக இல்லை. செங்கடலில் கேபிள்கள் அறுந்து சில நாட்களே ஆகியிருந்தன, மொம்பாசா துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிடக் கூடாத இடத்தில் ஒரு கப்பல் நங்கூரத்தை இறக்கியது. டீம்ஸ் கேபிளும் அறுந்தது. ஒரு தேசத்தின் சில்லறைக் காசு அத்தனையும் கடலுக்கடியில் கை மணிக்கட்டு அளவுகூட இல்லாத சில கம்பிகளில் தொங்கிக்கொண்டிருப்பதன் பொருள் அன்றைக்குப் புரிந்திருக்கும்.

2015 ஏப்ரலில் எம்-பெசா புதிய மென்பொருள் தளத்துக்கு மாற்றப்பட்டு, சர்வர்கள் கென்யாவுக்கு வந்தன. அதை 2007இலேயே செய்திருக்கலாமே என்று கேட்பது நியாயமில்லை. 2007இல் நைரோபியில் அந்தச் சுமையைத் தாங்கும் மின்சார ஏற்பாடும் கூடமும் இருந்தனவா? கடல் கேபிள்கூட இல்லை. ஒரு நாடு தன் மிக முக்கியமான சேவையை வீட்டுக்கு அழைத்துக்கொள்வதற்கு முன் சுவிட்ச், கம்பி, கூடம், ஆட்கள் என்று பதினைந்து ஆண்டுகளின் தயாரிப்பு வேண்டியிருந்தது.

2024 மே 12 அன்று தென்னாப்பிரிக்கக் கடற்கரைக்கு அருகே ஈஸியும் சீகாமும் ஒரே நாளில் அறுந்தன. கென்யா உட்படக் கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்க இணையம் மந்தமானது. டீம்ஸ் அறுபடாமல் நின்றது. வெளிநாட்டுத் தளங்கள் இழுத்துக்கொண்டு கிடந்தாலும், நாட்டுக்குள் இருக்கும் சேவைக்கு அந்தக் கம்பிகள் தேவையே இல்லை. உள்ளூர் ஹோஸ்டிங்கின் பலன் வேகம் என்றுதான் பெரும்பாலும் பேசுகிறோம். எனக்கு இந்தப் பலன்தான் பெரியது.

மின்சாரம்

கென்யாவின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு புதுப்பிக்கக்கூடிய மூலங்களிலிருந்து வருகிறது. நிலத்தடி வெப்பத்துக்கு அதில் முதலிடம். பிளவுப் பள்ளத்தாக்கின் ஒல்காரியாவில் பூமிக்குள்ளிருந்து வரும் நீராவி டர்பைனைச் சுற்றுகிறது. இரவும் பகலும் ஒரே சீராக ஓடும் தரவு மையத்துக்கு, இரவும் பகலும் ஒரே சீராக வரும் இந்த மின்சாரம் பொருத்தமான ஜோடி. நைரோபி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருப்பதால் வெயிலும் மிதமானது, குளிரூட்டச் செலவு குறையும். ஆனால் அதே உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் டீசல் ஜெனரேட்டர் தன் முழு பலத்தைத் தராது. சற்றுப் பெரியதாக வாங்க வேண்டும்.

ஜெனரேட்டர் ஏன் வேண்டும்? உற்பத்தி நன்றாக இருந்தும் கடத்தும் வலையமைப்பு பலவீனமாக இருப்பதால். 2023 ஆகஸ்ட் 25 இரவு நாடே இருண்டது. நைரோபி சர்வதேச விமான நிலையத்தில்கூட ஜெனரேட்டர் ஓடவில்லை, பயணிகள் இருட்டில் நின்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மறுபடியும் நாடு தழுவிய மின்தடை வந்தது. தரவு மையத்தில் மின்சாரம் போனால் முதலில் பேட்டரிகள் சில நிமிடம் தாங்கும், அதற்குள் ஜெனரேட்டர் ஓட வேண்டும். டீசல் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது சுமையோடு ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். விமான நிலையத்திலும் ஜெனரேட்டர் வாங்கித்தான் வைத்திருந்தார்கள். இந்த இரட்டைச் செலவு ராக் வாடகையில் ஏறுகிறது, கடைசியில் சின்னத் தளக்காரரை வெளிநாட்டுக்கே அனுப்புகிறது.

2024 மே மாதம் மைக்ரோசாஃப்டும் அபுதாபியின் ஜி42 நிறுவனமும் ஒல்காரியாவில் தரவு மையம் கட்டப்போவதாக அறிவித்தன. 100 கோடி டாலர் திட்டம், முதலில் 100 மெகாவாட், பிறகு 1,000 மெகாவாட் வரை வளரும் என்றார்கள். கென்யா முழுவதன் உச்ச மின் தேவை அந்த ஆண்டில் 2,200 மெகாவாட்டை ஒட்டி இருந்தது. ஒரே வளாகம் நாட்டின் மின் தேவையில் பாதியை நெருங்குவது என்றால், வீடுகளுக்கு எவ்வளவு என்ற கேள்வி முதலில் வர வேண்டும். இந்த மாதிரி அறிவிப்புகளைக் கேட்டு நான் மகிழ்வதில்லை. கென்யப் பயனர்கள் தேவைப்பட்டுக் கட்டியது ஒருவிதம், மலிவு மின்சாரத்துக்காக வெளியிலிருந்து வந்து கட்டுவது இன்னொரு விதம். இரண்டையும் உள்ளூர்த் திறன் என்ற ஒரே தலைப்பில் போடுவது சரியில்லை.

நைரோபிக்குத் தென்கிழக்கே கொன்சா நகரத்தில் அரசின் தேசியத் தரவு மையம் சீனக் கடனில், ஹுவாவே நிறுவனத்தைக் கொண்டு கட்டப்பட்டது. அரசுக் கோப்புகளுக்கு ஓர் இடம் வேண்டும்தான். தனியார் கூட்டம் மட்டும் மொம்பாசா சாலையின் பொதுக் கூடங்களைச் சுற்றித்தான் கூடியது. கம்பிகள் அங்கே ஏற்கெனவே சந்தித்துக்கொண்டிருந்தன.

சட்டம்

2019 நவம்பரில் கென்யா தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அதன் கீழ் வந்த விதிகள், தேர்தல், குடிமைப் பதிவு, பொது நிதி போன்ற சிலவகைத் தரவை நாட்டுக்குள் இருக்கும் சர்வரில் கையாள வேண்டும் அல்லது குறைந்தது ஒரு நகலையாவது நாட்டுக்குள் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. எல்லாத் தரவையும் உள்ளேயே பூட்டு என்று சொல்லாமல் ஒரு நகல் போதும் என்றது நல்ல முடிவு. கூடங்கள் வளர்ந்த பிறகு விதி வந்தது என்பதும் நல்லது.

ஒரு கவலை மட்டும் இருக்கிறது. 2024 நவம்பரில் பள்ளித் தேர்வுகளின்போது டெலிகிராமை முடக்கும்படி தகவல்தொடர்பு ஆணையம் இணைய நிறுவனங்களுக்குச் சொன்னது. உள்ளூரில் தரவு வைப்பவர் அரசின் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கிறார். நாளைக்கு ஒரு பத்திரிகை தன் தளத்தை நைரோபிக்குக் கொண்டுவர யோசித்தால், விலையோடு சேர்த்து இதையும் யோசிக்கும். அதற்கு ராக்கும் ஃபைபரும் பதில் சொல்லாது, நீதிமன்றம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த 70 விழுக்காட்டுக்குள்

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். நாட்டுக்குள்ளிருந்து கிடைக்கும் 70 விழுக்காட்டில் பெரும்பங்கு யூடியூப், ஃபேஸ்புக் போன்றவற்றின் கேஷ் நகல்கள். செலவு குறைந்தது, வேகம் கூடியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் கென்யர்கள் எழுதியது, கென்யர்கள் சேமித்தது, கென்யர்கள் உருவாக்கியது கென்யாவுக்குள் இருக்கிறதா என்று கேட்டால் அந்த எண் பதில் தராது. வெளிநாட்டு நிறுவனத்தின் நகல் ஊருக்குள் வந்துவிட்டது. ஊர்க்காரரின் தளம் இன்னும் வெளிநாட்டில் இருக்கலாம். சர்வர் வசதியை இணையம் வழியாக வாடகைக்கு விடும் மேகச் சேவைகளைப் பெரிய அளவில் தரும் அமேசானும் மைக்ரோசாஃப்டும் ஆப்பிரிக்காவில் தங்கள் முதல் மையங்களைத் தென்னாப்பிரிக்காவில்தான் திறந்தன. நைரோபியின் இளைஞர் புது மென்பொருள் எழுதினால் அதை ஏற்ற இன்றும் கேப் டவுனையோ ஐரோப்பாவையோதான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்.

இதற்கு வழி காட்டும் ஓர் அமைப்பு கென்யாவிலேயே இருக்கிறது. கெனெட், பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து 1999இல் தொடங்கிய கல்வி வலையமைப்பு. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே சர்வர் வாங்கி, தனித்தனியே ஜெனரேட்டர் வைத்து, தனித்தனியே ஆள் தேடி அலைவதற்குப் பதிலாக, எல்லாரும் சேர்ந்து இணைப்பை வாங்குகிறார்கள், சர்வர் இடத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். கிசுமுவுக்குப் பக்கத்தில் இருக்கும் மசேனோ பல்கலைக்கழகத்துக்கு ஒரு தரவு மையம் கட்டும் வசதி கிடையாது, அது தேவையுமில்லை. அந்த 111 டாலர் வித்தியாசத்தை ஒரு தனி ஆள் சுமக்காமல் பல பேர் சேர்ந்து சுமக்கும் ஏற்பாடு இது.

டெஸ்போக்கும் கெனெட்டும் ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு சங்கங்கள். ஒன்று போட்டியாளர்களைக் கூட்டியது, மற்றொன்று பல்கலைக்கழகங்களைக் கூட்டியது. கென்யாவின் 47 கவுண்டி அரசுகளுக்கும், மாவட்ட மருத்துவமனைகளுக்கும், சின்னப் பத்திரிகைகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும். வெளிநாட்டுக் கம்பிக்கு இணைய நிறுவனங்கள் மிச்சப்படுத்தும் 60 லட்சம் டாலரில் ஒரு துளியை எடுத்து, உள்ளூரில் தளம் வைப்பவருக்கு அந்த வித்தியாசத்தைக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கும் லாபம்தான். மொம்பாசா சாலையில் ராக் இருக்கிறது, சுவிட்ச் இருக்கிறது, அதை ஓட்டத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.